சண்டை: பூஜ்யம்

“சண்டை ரெண்டுக்கு எறங்கிடுச்சு லாத்தா!”

உஸ்மா கத்திய கத்தலில், காயாத மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்த அக்கா ஷாகிதா கட்டிலிலிருந்து எம்பி விழுந்தாள்.

நாளைக்கு ஷாகிதாவுக்கு நிக்காஹ். பூந்தமல்லி மண்டபத்தில், பெண்கள் பக்கம் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி ஐந்து பேர். நாற்பது பெண்கள், எட்டுத் தட்டு. யாரை யாரோடு உட்கார வைப்பது?

சிரிக்காதீர்கள். போன கல்யாணத்தில் காட்டுப்பாக்கம் மாமியையும் வானகரம் மாமியையும் தெரியாத்தனமாக ஒரே தட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். இரவல் வாங்கிய குக்கர் விவகாரம். பாதிப் பந்தி பிரியாணியைத் தொடாமல் எழுந்து போனது. மணப்பெண் மேக்கப் கரைய அழுதாள்.

தன் அக்கா அப்படி அழக் கூடாது என்றுதான் உஸ்மா லேப்டாப்பைத் திறந்தாள். காலேஜில் புதிர்களையெல்லாம் இதே வித்தையில்தான் அவிழ்த்திருக்கிறாள்.

புரோகிராம் கண்ணை மூடிக்கொண்டு நூறு பிளான் போடும். சண்டை அதிகம் வருகிற பிளானெல்லாம் அவுட். குறைவாக வருகிற இரண்டு பிளானுக்குக் கல்யாணம் செய்து வைக்கும். பிறக்கிற பிள்ளை பாதி அம்மா ஜாடை, பாதி அப்பா ஜாடை. நடுவில் சும்மா இருக்காமல் யாராவது ஒருத்தியைத் தூக்கி வேறு தட்டில் போட்டுப் பார்க்கும். இப்படியே தலைமுறை தலைமுறையாக.

யாருக்கு யாரோடு ஆகாது என்று சொன்னதெல்லாம் உம்மா வஹீதுன்னிசாதான். இஞ்சி உரித்தபடியே குடும்பத்துப் பகை மொத்தத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அப்புறம் கரண்டியும் கையுமாக வந்து வந்து ஸ்கிரீனை எட்டிப் பார்த்தாள். சண்டை எண்ணிக்கை குறையக் குறைய மகள்கள் குதித்தார்கள். உம்மா மட்டும் தட்டுவாரியாகப் பெயர்களைப் படித்துவிட்டு, முகம் தொங்கப் போனாள்.

ஒன்று.

அதிலேயே நின்றுவிட்டது. ஷாகிதா துஆ கேட்டாள். உஸ்மா நகத்தைக் கடித்தாள்.

பூஜ்யம்!

அடேயப்பா, உஸ்மா போட்ட ஆட்டத்தில் கட்டில் கிறீச்சிட்டது. ஷாகிதா கட்டிப்பிடித்ததில் மருதாணி முழுக்கத் தங்கையின் முதுகில் அப்பியது. யாருக்குக் கவலை!

அப்போதுதான் உஸ்மா மூன்றாவது தட்டைப் பார்த்தாள். வஹீதுன்னிசா. பக்கத்தில் ரஹ்மத்துன்னிசா.

ஆட்டம் நின்றது. சேக்காட்டுச் சாச்சி, உம்மாவின் கூடப் பிறந்த தங்கை. சாவுக்குப் போன ஒரு மவுத்து வீட்டில் வார்த்தை தடித்ததிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வருஷக்கணக்காயிற்று.

“டைப் பண்ண மறந்துட்டியாடி?” என்றாள் ஷாகிதா.

உஸ்மா பகைப் பட்டியலில் மேலும் கீழும் தேடினாள். அவள் மறக்கவில்லை. ஊரார் சண்டையெல்லாம் சொன்ன உம்மா, தன் சண்டையைச் சொல்லவே இல்லை.

சாச்சியை வேறு தட்டுக்கு மாற்ற உஸ்மா கையை நீட்டினாள்.

“கம்னு உடு.” பின்னால் உம்மா. எப்போது வந்தாளோ. “மிஷினுக்கு யார் மேல கோவம்? அது போட்டா போட்டதுதான். யாராச்சும் கேட்டா மிஷின்தான் போட்டுச்சின்னு சொல்லிக்கலாம்.”

முகத்தைக் காட்டாமல் சமையலறைக்கு நடந்தாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

“மூணாவது தட்டுல நல்லி எலும்பு நெறைய வைக்கச் சொல்லு. அவளுக்கு அது இல்லாம சோறு எறங்காது.”