முதல் மிடறு

கிதேகா ராணுவ முகாமின் உச்சி வெயிலில் சோளக் கள்ளுப் பானை நுரைக்கிறது. அதில் உறிஞ்சிக் குடிக்க இரண்டு நாணல் குழல்கள். நேற்றுவரை காட்டிலிருந்து சுட்ட கிளர்ச்சியாளர்களுக்கும் அவர்களை வேட்டையாடிய அரசுப்படைக்கும் இன்று ஒரே சீருடை. விஷமில்லை என்று காட்ட, விருந்து வைப்பவர்தான் முதலில் உறிஞ்ச வேண்டும். ஆனால் சமாதான ஒப்பந்தப்படி எல்லாமே பாதிப்பாதி, இந்தப் பானையும்தான். அப்படியென்றால் விருந்து வைப்பவர் யார்? “நீங்கதான வீட்டுக்காரரு, குடிங்க,” என்கிறார் காட்டிலிருந்து வந்த கபூரா. “பாதி வீடு உங்களுதாச்சே. அதுக்குத்தான பத்து வருஷம் எங்களச் சுட்டீங்க,” என்கிறார் அரசுப்படையின் பரம்பாமா. சட்டென்று இருவரும் ஒரே நேரத்தில் குனிய, மண்டைகள் ணங்கென்று மோதுகின்றன. மைதானமே வெடித்துச் சிரிக்கிறது. நெற்றியைத் தேய்த்தபடி இருவரும் குழலைக் கவ்வுகிறார்கள். ஒருவர் கண் மற்றவர் குரல்வளைமேலேயே இருக்கிறது. இரண்டு குரல்வளைகளும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்குகின்றன.