ஆதிரையின் பை

காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆதிரை குதித்துக்கொண்டிருந்தாள். நான்கு சொத்தைப் பற்களைப் பிடுங்கப்போகிற ஆறு வயதுப் பிள்ளை இப்படி ஆடி இளம்பரிதி கேள்விப்பட்டதில்லை.

"மூக்குல மூடி வச்சதும் நெஜமாவே தூங்கிருவேனாப்பா?"

"தூங்கிருவ."

பயப்படாமல் இருக்க மயக்க மருந்தை அப்படிச் சொல்லி அழைத்து வாருங்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தார். மூன்று நாளாக அவனும் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்ல அவளுக்கு உற்சாகம் பொங்கியது.

பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவன் திறந்து பார்த்தான். நட்சத்திரம் போட்ட கணக்கு நோட்டு, தீப்பெட்டிக்குள் போன மாதம் விழுந்த பல், ஒரு கடலை மிட்டாய்.

"எதுக்கு பாப்பா இதெல்லாம்?"

"அம்மாக்கு! அவங்க தூங்குறாங்கன்னு நீதானப்பா சொன்ன? நானும் தூங்குனா அவங்க கூட இருப்பேன்ல? சீக்கிரம் கெளம்புப்பா!"

ஐஸ் பெட்டிக்குள் கிடந்தவளைக் காட்டி அவன்தான் அன்று சொன்னான். எட்டு மாதமாக அதை மாற்றிச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இன்று சொல்லாமல் இவளை ஆஸ்பத்திரி மேஜையில் படுக்க வைக்க முடியாது. முட்டி போட்டு உட்கார்ந்து அவள் தோள்களைப் பிடித்தான்.

"ஆதிரை, அம்மா தூங்கலடா."

அடுத்த சொல்லுக்கு அவன் மூச்சை இழுப்பதற்குள் அவள் கண்கள் விரிந்தன.

"ஹை! முழிச்சுட்டாங்களா?"

பிடியை உதறிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு வாசலுக்கு ஓடினாள்.