எட்டு விரல்

பூநகரிப் பள்ளிக்கூடத்தின் கணினி அறையில் கரண்ட் இல்லை. புதிதாக வந்த ஆசிரியை பிரஷாந்தினி, யன்னல் வெளிச்சத்தில் கரும்பலகையைக் காட்டுகிறாள். "கம்பியூட்டருக்குப் பூச்சியமும் ஒண்டும் மட்டும்தான் தெரியும். அதால ரெண்டு வந்தாலே இலக்கம் முடிஞ்சு, ஒண்டு போட்டுப் பூச்சியம் போடும். எங்களுக்குப் பத்து விரல். அதால பத்து இலக்கம்." முன்வாங்கில் கிருபனின் வலக்கை மெல்ல மேசைக்குக் கீழே போகிறது. சின்ன வயதில் காட்டில் கண்டெடுத்த ஏதோ வெடித்ததில் அந்தக் கையில் மூன்று விரல்களே மிச்சம். "அப்ப இவன்ர கணக்கில ரெண்டு குறையுது, ரீச்சர்," என்கிறான் பின்னாலிருந்து நிருஷன். சிரிப்பு எழுந்து பாதியில் அடங்குகிறது. கச்சான் காற்று தகரக் கூரையில் மணலை இறைக்கிறது. இனி இவன் என் வகுப்புக்கு வருவானா என்று நினைத்தபடி பிரஷாந்தினி வெண்கட்டியை உருட்டிக்கொண்டே நிற்கிறாள். கிருபன் எழும்பி வந்து, மூன்று விரல் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு நிருஷனைப் பார்க்கிறான். "பொறு மச்சான். எனக்கு எட்டு விரல். அப்ப எனக்கு எட்டு இலக்கம்தான், பூச்சியத்தில இருந்து ஏழு வரைக்கும்." வெண்தூள் உதிர உதிர, ஒன்றிலிருந்து தன் விரல்களை எண்ணி எழுதிக்கொண்டு போகிறான். ஏழோடு கை நிற்கிறது. "எட்டாவது விரலுக்கு இலக்கம் முடிஞ்சுது. என்ன எழுத, ரீச்சர்?" "ஒண்டு போட்டுப் பூச்சியம்," என்கிறாள் அவள். அவன் எழுதுகிறான்: 10. பிறகு இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் விரித்து நிருஷனுக்குக் காட்டுகிறான். "பாத்தியோ? எனக்கும் பத்துத்தான்."