தண்ணீர்ப் பந்தல் காக்கை

குஞ்சுகள் பறந்துபோன கோடையில்தான் காக்கையம்மா ஆலமரத்தடித் தண்ணீர்ப் பந்தலுக்கு ஒத்தாசைக்கு வந்தாள். கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே, வருகிறவர்களிடமெல்லாம் "இறக்கை ஒடியுது, மூச்சுவிட நேரமில்லை" என்று புலம்புவாள்.

கூட வேலை பார்த்த மைனாவுக்குப் பாவமாக இருந்தது. "நாளைக்கு நான் பார்த்துக்கிறேன் அக்கா. நீங்க கூட்டுல நிம்மதியா படுங்க" என்றாள்.

மறுநாள் காக்கையம்மா, கலைக்க ஆளில்லாத கூட்டைத் திரும்பத் திரும்ப அடுக்கினாள். பிறகு தாகமெடுக்கிறதென்று பந்தலுக்கு வந்தாள். குடித்துவிட்டு மறுபடியும் வரிசையில் வந்து நின்றாள். தாகம் தீர்கிற வழியாக இல்லை.

மைனாவுக்குப் புரிந்துவிட்டது. "இறக்கை வலிக்குது அக்கா, கொஞ்சம் பிடிங்களேன்" என்றாள்.

காக்கையம்மா கொட்டாங்கச்சியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். அடுத்து வந்த சிட்டுக்குருவியிடம், "பாரேன், ஒரு நாளாவது உட்கார விடுறாங்களா?" என்று அலுத்துக்கொண்டாள்.