திருப்பி வாங்கிய விருது

"சனிக்கிழமையெண்டால் மனிசன் மூண்டாம் மாடிக்கு ஏறிடுறார். கவனிச்சனியே, மாக்கிரட்?"

நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்க வந்த சிவநேசமக்கா இப்படிக் கேட்டதும், மாக்கிரட் காய்ந்த துவாயை ஈரத்துவாய்களோடு சேர்த்துப் போட்டாள். கவனிக்காமல் என்ன? புலம்பெயர்ந்து வந்தவர்கள் நிறைந்த கோட்-தெ-நேஜ் பகுதியில் இருக்கும் அந்த மாடிக்கட்டிடத்தில் அவள் கண்ணில் படாமல் பூனைகூடப் படியேறியதில்லை.

மனிசன் என்றால் அரியரத்தினம். மனைவியைச் சண்டைக்குள் பறிகொடுத்துவிட்டு ஊரிலிருந்து வந்தவர். கட்டிடத்துத் தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் அவர் 'அண்ணை'. மாக்கிரட்டுக்கு மட்டும், புருசனைக் கூப்பிடுவதுபோல, 'இஞ்சை பாருங்கோ'. காரணம் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கிழமை தவறாமல் அவர் வீட்டுக்குப் போகும் மீன்குழம்புக்கும் தெரியும்.

மூன்றாம் மாடியில் இருப்பவள் லிகாயா. பிலிப்பினோக்காரி, கலகலப்பானவள், தனிக்கட்டை.

"அங்கை என்னவாம் செய்யினம்?" என்றாள் மாக்கிரட்.

"படம் பாக்கினமாம். ஒரே படம்! அவளின்ரை நாட்டுப் பழைய படமொண்டு. கதாநாயகிக்கு விருதைக் குடுத்திட்டு, பேசின குரல் வேறை ஆளின்ரை எண்டு அடுத்தநாளே திருப்பி வாங்கிப்போட்டினமாம். அந்த அநியாயத்துக்கு லிகாயா இஞ்சை இருந்து இன்னும் கொதிக்கிறாள். இவரெண்டால், நடுவர்மார் செய்தது சரியெண்டு நிக்கிறாராம்."

"சண்டை பிடிக்கிறவர் ஏன் கிழமைக்குக் கிழமை போறார்?"

"அதைத்தானடி நானும் கேக்கிறன். கெதியா வாயைத் திறந்து கேள். இல்லாட்டி உன்ரை மீன்குழம்பும் மூண்டாம் மாடிக்குத்தான் போகும்."

அந்தச் சனிக்கிழமை போகத்தான் செய்தது. மாக்கிரட் நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிய சேலையை உடுத்து, லிப்ஸ்டிக்கும் பூசி, குழம்புச் சட்டியோடு லிகாயாவின் கதவைத் தட்டினாள். தன்னைக் கட்டச் சம்மதமா என்று இன்றைக்கு அவரிடம் கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் ஏறியிருந்தாள்.

"வா வா, நீயாவது எனக்கு நியாயம் சொல்லு!" என்று ஆங்கிலத்தில் வரவேற்ற லிகாயா, சட்டியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

தொலைக்காட்சிக்கு முன்னால் அரியரத்தினம் மட்டும். திரையில் ஒருத்தி சிரித்துச் சிரித்து என்னவோ பேசினாள். சத்தம்தான் இல்லை.

"இஞ்சை பாருங்கோ, சத்தமில்லாமல் என்ன படம்?" மாக்கிரட் ரிமோட்டை எடுத்தாள்.

"வேண்டாம், மாக்கிரட்." அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வீடு எரியேக்கை போட்டோ எல்லாம் எரிஞ்சு போச்சு. என்ரை றெஜினாவின்ரை ஒண்டுகூட மிஞ்சேல்லை. இது அச்சொட்டா அவளின்ரை முகம். குரல்தான் அவளின்ரை இல்லை."

மாக்கிரட் ரிமோட்டை மெல்ல அவர் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்கள் பாருங்கோ, அண்ணை" என்றாள்.