நாள் வாடகை

அவள் ஜன்னல் கொண்டியை எடுத்தாள். தள்ளியதும் திறந்துகொண்டது.

கீழே சந்து. எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வை உலர்த்தியிருந்தார்கள். அதற்கும் பின்னால் வேலூரின் பாறை மலை, வெயிலில்.

லாட்ஜ் அறையிலும் ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

இங்கே ஒரு படுக்கையறை, சின்னக் கூடம், அடுக்களை. மேடையில் ஓர் அடுப்பு, இரண்டு பாத்திரம், ஒரு கரண்டி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கென்றே இந்தத் தெருவில் எல்லோரும் மாடி கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். மாதக் கணக்கில்தான் தருவார்கள்.

அந்த மாதக் கணக்குதான் அவள் புருஷனுக்கு ஆகவில்லை.

அய்யாத்துரை கோவில்பட்டி டிப்போவில் கண்டக்டர். எந்த ஊருக்குப் போனாலும் மறுநாள் அதே வண்டியில் திரும்புகிற ஆள். இங்கேயும் அப்படித்தான் ஒரு கைப்பையோடு வந்தான். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மருந்து ஏற்ற வேண்டும், ஒரு தடவையோடு முடியாது, பக்கத்திலேயே தங்கிக்கொள்வது நல்லது என்றார். வெளியே வந்ததும், முதலில் கண்ணில் பட்ட லாட்ஜுக்குள் அவன் நுழைந்துவிட்டான்.

தினமும் காலையில் ரிசப்ஷனில் இருப்பவர் கேட்பார், இன்றைக்கும் இருக்கிறீர்களா என்று. நாளைக்குக் கிளம்பிவிடுவோம் என்பான் இவன். அதைச் சொல்வதற்காகவே முகம் கழுவி, சட்டை மாற்றிப் படியிறங்குவான்.

அவள் அதைக் கெடுக்கவில்லை.

ஆனால் மருந்து ஏறிய பிறகு வாயெல்லாம் புண். மெஸ் சாப்பாட்டில் எதைத் தொட்டாலும் காரம். தயிர்ச்சோற்றில்கூட மிளகாய் நறுக்கிப் போட்டிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துத் தருவாள். அப்படியும் இறங்காது.

வீடு பார்க்கலாமா என்று ஒருநாள் கேட்டாள்.

"வீடு எடுத்தா இங்கயே உக்கார வச்சிரும், வேலு."

எது என்று அவன் சொல்லவில்லை. வேலம்மாளும் கேட்கவில்லை.

அவன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் தோன்றியது. லாட்ஜில் உப்பு வாங்க வேண்டியதில்லை. வீடென்றால் உப்பு, புளி, துடைப்பம். துடைப்பம் வாங்கிய ஊரிலிருந்து அவ்வளவு லேசாகக் கிளம்பிவிட முடியாது.

இருந்தாலும் இன்று, அவன் அசந்து தூங்கும்போது, சொல்லாமல் வந்துவிட்டாள்.

வீட்டுக்கார அம்மா ரஹ்மத்பீ வாசலிலேயே நின்றிருந்தார். தண்ணீருக்குக் குறைவில்லை, படிக்குக் கைப்பிடி போட்டிருக்கிறது, மெதுவாக ஏறலாம் என்றார்.

அடுக்களைச் சுவரில் வேறு பாஷைக் காலண்டர் ஒன்று தொங்கியது. வேலம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி இருந்தவங்க ஊருக்குப் போய்ட்டாங்கம்மா."

ஊருக்கு.

எத்தனை பேராக வந்தார்கள், எத்தனை பேராகப் போனார்கள் என்று கேட்க வாயெடுத்தாள்.

கேட்கவில்லை.

ரஹ்மத்பீ காலண்டரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டார்.

எங்க வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி வேலம்மாள் இறங்கினாள்.

அவன் லாட்ஜ் வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சட்டை மாற்றியிருந்தான். தலை வாரியிருந்தான். வாரியதில் உதிர்ந்த முடி தோளில் கிடந்தது.

எங்கே போனாய் என்று கேட்பான் என நினைத்தாள். பதில்கூட யோசித்து வைத்திருந்தாள்.

"இன்னைக்கு அந்தாளு கேக்கல, வேலு."

உள்ளே ரிசப்ஷன்காரர் யாருக்கோ சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். அதனால்தான் கேட்காமல் விட்டிருக்க வேண்டும்.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தோளில் கிடந்த முடியைத் தட்டிவிடக் கை போனது. பிறகு வேண்டாமென்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தெருவில் ஆட்டோக்கள் ஆஸ்பத்திரிப் பக்கமாகப் போயின.

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டான் அவன். தெருவைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஜன்னல் தெறக்குது," என்றாள்.

அன்று சாயங்காலமே மாறினார்கள். அதே கைப்பை. கூட ஒரு வாளி. அவன் கைப்பிடியைப் பிடித்து ஏறினான். பாதியில் நின்று, மூச்சு வாங்கி, அவள் நீட்டிய கையை வேண்டாமென்று சொல்லி, மறுபடி ஏறினான்.

மேலே வந்து கூடத்தைப் பார்த்தான். அடுக்களையை எட்டிப் பார்த்தான். பால் வாங்கி வா, முதலில் பால் காய்ச்ச வேண்டும் என்றான், புது வீட்டுக்குக் குடிவந்தவனைப் போல.

அவள் கடைக்குப் போனாள்.

பால் அடுப்பில் இருக்கும்போது போன் அடித்தது. டிப்போவிலிருந்து சீனிராஜ், அவனோடு வண்டியோட்டும் டிரைவர். இன்ஜின் பக்கத்திலேயே இருந்து பழகிய குரல். அடுக்களை வரைக்கும் கேட்டது.

"எங்கப்பா இருக்க?"

"வீட்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

"வீட்லயா? எப்பப்பா வந்த? ஒரு வார்த்த சொல்லலயே?"

பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல், நம்ம தொரை வந்துட்டாம்ப்பா என்று சீனிராஜ் அங்கே யாரிடமோ கத்துவது கேட்டது. அதற்கு நாலைந்து குரல்கள்.

வேலம்மாள் கரண்டியோடு திரும்பினாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பத்தான்," என்றான் போனில். "இப்பத்தான் வந்தோம்."