கணுக்காலில் ஒரு கிலோ

முதியோர் இல்லத்தின் உடற்பயிற்சி அறைக்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், அங்கே தங்கியிருந்த பெரியவர் ஒருவரின் மகன்.

“எங்க அப்பா கால்ல ஒரு கிலோ மணல் பையைக் கட்டச் சொல்லி உங்ககிட்ட யாரும்மா அழுதாங்க?”

பிசியோதெரபிஸ்ட் பதறி எழுந்தாள். “தசையெல்லாம் வத்திப்போயிருந்தது சார். அப்படியே விட்டா படுத்த படுக்கையாயிடுவார்னுதான்...”

“எண்பது வயசுல பளு தூக்கிப் பதக்கமா வாங்கப்போறார்? ரப்பர் பட்டையை இழு, கை ஊனாம எழுந்திருன்னு மனுஷனைப் போட்டு வாட்டியிருக்கீங்க! என் வீட்டுக்காரி காலையில இருந்து பச்சைத் தண்ணிகூட குடிக்கல.”

பெரியவர் அன்று பயிற்சிக்கு வராதது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“அப்பா விழுந்துட்டாரா சார்?”

“விழுந்திருந்தா ஆஸ்பத்திரியில சேர்த்துட்டுப் பேசாம இருந்திருப்பேனே! எங்க வீட்டுக்கு மூணு மாடி, கைப்பிடியைக்கூடத் தொடாம ஏறி வந்து பெல் அடிக்கிறார். இனிமே இங்கதான்னு தன் ரூம்ல போய் உட்கார்ந்துட்டார்!”

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“சிரிக்காதீங்க! மாடி ஏற முடியாதுன்னு சொல்லித்தானே அவரை இங்க கொண்டுவந்து விட்டோம்? இப்ப என்னத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புறது?”